நாலும் நாலும் எட்டு: சீன மருத்துவத்தில் சத்து மூலிகைகளைச் சேர்த்துக் காய்ச்சும் முறை

சீன மருந்துக்கடைக்குள் முதன்முறை நுழைபவர் பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார். ஜின்செங் வேர் நல்லது, தாங்குவெய் வேர் நல்லது, ஹுவாங்சி வேர் நல்லது, கோஜிப் பழமும் நல்லது; எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டால் நாலு மடங்கு நல்லது என்று கணக்குப் போடுகிறார். மூன்றாம் நாள் வயிறு உப்புகிறது, பசி போகிறது, ராத்திரி தூக்கம் வரமாட்டேன் என்கிறது. ‘நலிந்த உடம்பு சத்தை ஏற்காது’ என்று சீனத்தில் இதற்கு ஒரு வழக்கே உண்டு. உடம்பின் குற்றம் அதில் பாதிதான். மீதி சேர்க்கையின் குற்றம். நிரப்பும் மூலிகைகளில் பெரும்பாலானவை கனமானவை, வயிற்றில் தங்கிவிடுபவை. அவற்றோடு நகர்த்துகிற ஒன்றையும் சேர்க்கத் தெரிவதுதான் இந்த வித்தை. சித்த மருத்துவ நூல்கள் உரமாக்கி என்று சொல்லும் வகையோடு இவற்றை ஒப்பிடலாம், ஆனால் சேர்க்கும் இலக்கணம் வேறு.

இங்கே சொல்லப்போவது எட்டு மூலிகைகள் கொண்ட ஒரே ஒரு கஷாயத்தைப் பற்றி. பெயர் பாஜென் தாங், அதாவது எட்டு அரும்பொருள் கஷாயம். அதை உடைத்துப் பார்த்தால் இரண்டு பழைய கஷாயங்கள் வெளியே வரும். இரண்டையும் புரிந்துகொண்டால் மற்றவை தானே பிடிபடும்.

தொடங்குமுன் ஒதுங்க வேண்டியவர்கள்

இதைக் கடைசியில் வைத்தால் யாரும் படிப்பதில்லை. வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் தாங்குவெய்யையும் ஜின்செங்கையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒன்று ரத்தக்கசிவைக் கூட்டலாம், மற்றது மருந்தின் வேலையைக் குறைக்கலாம். அதிமதுரம் நாள்கணக்கில் உள்ளே போனால் உடலில் பொட்டாசியம் இறங்கும், நீர் தேங்கும், ரத்த அழுத்தம் ஏறும். எனவே ரத்த அழுத்தக்காரர்களும், நீர் பிரியும் மாத்திரையோ, டிகாக்சின் என்ற இதய மருந்தோ எடுப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையோடு ஜின்செங் சேர்ந்தால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கலாம். உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ஹுவாங்சி ஆகாது. கர்ப்பிணிகள், பாலூட்டுவோர், குழந்தைகள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள் வீட்டில் காய்ச்சிக் குடிப்பதில் இறங்கவே வேண்டாம். அறுவை சிகிச்சை வருகிறதென்றால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட்டு, எடுத்ததை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

காரணம் தெரியாத களைப்பு, இளைப்பு, ரத்தசோகை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை. காரணம் கண்டுபிடிக்காமல் கஷாயம் குடிப்பது பொழுதை வீணாக்குவது.

எந்தக் குறை என்று பார்ப்பது

இந்த மரபு சத்து மூலிகைகளை நான்காகப் பிரிக்கிறது: ச்சியை நிரப்புபவை, ரத்தத்தை நிரப்புபவை, யின்னை நிரப்புபவை, யாங்கை நிரப்புபவை. ச்சி என்பது செரிமானத்துக்கும் மூச்சுக்கும் அசைவுக்கும் பின்னால் இருப்பதாகக் கருதப்படும் ஆற்றல். யின் குளிர்ச்சி, ஈரம்; யாங் சூடு, இயக்கம்.

அடையாளங்கள் கரடுமுரடாக இப்படி. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, தாழ்ந்த குரல், சாப்பிட்டதும் சோர்வு, இளகிய மலம், வெளிறிய நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த தடம்: ச்சி குறைவு. வெளிறிய உதடு, எழுந்தால் கண் இருட்டுதல், வறண்ட முடி, குறைந்த மாதவிடாய்: ரத்தக் குறைவு. சிவந்த நாக்கு, மேலே பூச்சு மிகக் குறைவு, இரவு வியர்வை, உள்ளங்கைச் சூடு: யின் குறைவு. எப்போதும் குளிர், கை கால் சில்லிடுதல், இடுப்பு வலி: யாங் குறைவு.

நாக்கில் தடித்த, வழவழப்பான வெள்ளைப் பூச்சு இருந்தால் அன்றைக்கு எந்தச் சத்து மூலிகையும் வேண்டாம். அது உள்ளே ஈரம் தேங்கியிருப்பதன் அடையாளம் என்பது இவர்கள் கணக்கு. சளி, காய்ச்சல் இருக்கும்போதும் அப்படியே. திருடன் உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்துவதற்கு அதை ஒப்பிடுவார்கள்.

முதல் நாலு: சான்றோர் நால்வர்

சிஜூன்ஸி தாங் என்றால் நான்கு சான்றோர் கஷாயம். சோங் ஆட்சிக்கால அரசு மருந்துச்சாலைகளின் குறிப்பேட்டில், 12-ஆம் நூற்றாண்டிலேயே இடம்பெற்றது. நாலும் மென்மையானவை, ஆளை உலுக்காதவை. அதனால்தான் சான்றோர் என்று பெயர்.

ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசனம் உண்டு. அரசர் ஜின்செங்: ச்சியை நேரடியாக நிரப்புகிறது. அமைச்சர் பைஜூ என்ற கிழங்கு: செரிமானத்துக்குத் துணை நின்று ஈரத்தை உலர்த்துகிறது. உதவியாளர் ஃபூலிங்: தேங்கிய நீரைக் கீழே வடியச் செய்கிறது. தூதர் தேன் விட்டு வறுத்த கன்ட்சாவ்: எல்லாரையும் சமாதானமாக வைத்திருக்கிறது. இந்தக் கன்ட்சாவ் வேறொன்றுமில்லை, அதிமதுரம்தான். நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் இனமும் சீன மருந்தியல் நூல் ஏற்றுக்கொள்ளும் மூன்று இனங்களில் ஒன்று.

கவனிக்க வேண்டியவர் ஃபூலிங். அது சத்து மூலிகைகளின் வரிசையில் சேராது. பைன் மர வேரில் வளரும் பூஞ்சை, நீரை இறக்குவது அதன் வேலை. நால்வரில் ஒருவரை இப்படி வடிகாலுக்கு ஒதுக்கியிருப்பதால்தான் மற்ற மூவரும் வயிற்றில் கட்டிக்கொள்ளாமல் போகிறார்கள். புதியவர்கள் ‘இது சத்தில்லையே’ என்று முதலில் வெட்டுவது இதைத்தான்.

வீட்டுக்கு ஜின்செங் தேவையில்லை. தாங்ஷென் போதும்: விலை மலிவு, வேகம் குறைவு, தூக்கத்தைக் கெடுப்பதும் குறைவு. 9 கிராம் ஜின்செங்குக்குப் பதில் 15 கிராம் தாங்ஷென்.

ஒரு எச்சரிக்கை. தாங்ஷென் வேறு, தான்ஷென் வேறு. முன்னது மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில், நீளச் சுருக்கங்களோடு, கடித்தால் இனிக்கும் வேர். பின்னது வெளியே செங்கல் சிவப்பு, சற்றுக் கசப்பு. ரத்த ஓட்டத்தைத் தூண்டுவதற்குப் பயன்படுவது, வார்ஃபரினோடு மோதுவது. கடையில் வாயால் சொல்லாதீர்கள். சீன எழுத்தைக் கைப்பேசியில் காட்டுங்கள்.

இரண்டாம் நாலு: ரத்தத்தின் பக்கம்

சிவூ தாங், நான்கு பொருள் கஷாயம். அரசர் ஷூதி, அமைச்சர் தாங்குவெய், உதவிக்குப் பைஷாவ் என்ற வேரும் சுவான்ஷியோங் என்ற கிழங்கும்.

நிரப்புவதும் நகர்த்துவதும் எப்படிக் கைகோக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஷூதி திரும்பத் திரும்ப அவித்துக் காயவைத்துக் கருத்துப்போன கிழங்கு. கையில் ஒட்டும், பிசின் போல் இழுக்கும். வயிற்றிலும் அப்படியேதான் நடந்துகொள்ளும். பைஷாவ் புளிப்புச் சார்ந்தது, உள்ளே பிடித்துவைப்பது. இவை இரண்டும் அமர்ந்திருப்பவை. தாங்குவெய் நிரப்பியபடியே நகர்த்தும். சுவான்ஷியோங் நிரப்புவதே இல்லை, ஓட்டுவது மட்டும்தான் அதன் வேலை. இரண்டு இருப்பவை, இரண்டு ஓடுபவை.

அளவை மாற்றினால் கஷாயத்தின் குணமே மாறும். நிரப்புவதற்கு ஷூதி 12, தாங்குவெய் 9, பைஷாவ் 9, சுவான்ஷியோங் 5 கிராம். சுவான்ஷியோங்கை 9-க்கு ஏற்றி ஷூதியைக் குறைத்தால் அது ரத்தத்தை ஓட்டும் கஷாயமாகிவிடும். மாதவிடாயில் ஏற்கெனவே அதிகம் போகும் பெண்ணுக்கு அது தொல்லை. பொதுவாக மாதவிடாய் நின்ற பிறகு சில நாள் குடிப்பதே வழக்கம், நடக்கும்போது அல்ல.

ஷெங்தி என்ற பெயரில் கிடைப்பது இதே கிழங்கின் அவிக்காத வடிவம். அது குளிர்ச்சி, இது லேசான சூடு. மாற்றிப் போட்டால் குளிர்ந்த வயிற்றுக்காரருக்குப் பேதியாகும்.

நாலும் நாலும்

இரண்டையும் சேர்த்தால் பாஜென். ஒரு நாளைக்கு, ஓர் ஆளுக்கு: தாங்ஷென் 15, பைஜூ 9, ஃபூலிங் 12, தேன் வறுத்த கன்ட்சாவ் 4, ஷூதி 12, தாங்குவெய் 9, பைஷாவ் 9, சுவான்ஷியோங் 5. மொத்தம் 75 கிராம். கூடவே இஞ்சி 3 வில்லை, சிவப்பு இலந்தை 3. ரெட் டேட்ஸ் என்று விற்கும் இந்தப் பழத்துக்கும் பேரீச்சைக்கும் உறவில்லை. நம் இலந்தையின் சீன உறவினர். கொட்டை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

ஆனால் முதல் நாளே எட்டையும் போடாதீர்கள். முதல் மூன்று நாள் சான்றோர் நால்வரும் 3 கிராம் சென்பியும் மட்டும். சென்பி என்பது முதிர வைத்த மாண்டரின் ஆரஞ்சுத் தோல். மணமுள்ளது, வாயுவை இறக்குவது. நால்வரோடு அதைச் சேர்த்தால் அதற்கு யிகோங் சான் என்று தனிப்பெயரே உண்டு. பசி எடுக்கிறதா, மலம் ஒழுங்காகப் போகிறதா என்று பாருங்கள். வயிறு சரியென்றால் நான்காம் நாள் ரத்தப் பக்கத்து நாலையும் பாதி அளவில் சேர்த்து, ஏழாம் நாள் முழு அளவுக்கு வாருங்கள். இதை வழி திறப்பது என்பார்கள். அவசரக்காரர்கள் தவறவிடும் படி இதுதான்.

ஷூதி சேர்ந்ததும் வயிறு மந்தமானால், அதன் அளவை 9-க்கு இறக்கி, ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஷாரென் 3 கிராமை நசுக்கிக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். முன்னாலேயே போட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், பிறகு அது வெறும் சக்கை.

எட்டோடு ஹுவாங்சியும் கொஞ்சம் ரோகுவெய் என்ற லவங்கப்பட்டையும் சேர்ந்தால் பத்து முழுமைக் கஷாயம். இது குளிர் உடம்புக்காரர்களுக்கு. முகம் சிவக்கிறவர், வாய்ப்புண் வருகிறவர் இந்தப் பத்தின் பக்கம் போகக் கூடாது.

எண்ணிக்கை கூடினால் வலு கூடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு மறுப்பும் உண்டு: தாங்குவெய் பூஷுவே தாங். லீ துங்யுவான் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தது. இரண்டே மூலிகை. ஹுவாங்சி 30 கிராம், தாங்குவெய் 6 கிராம், ஐந்துக்கு ஒன்று. பெயரில் ரத்தம் இருக்கிறது, ஆனால் ரத்த மூலிகையான தாங்குவெய் ஹுவாங்சியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். ச்சி இருந்தால்தான் ரத்தம் பிறக்கும் என்பது அவர் கணக்கு. இந்த விகிதத்தைத் தலைகீழாக்கி ‘தாங்குவெய்தானே முக்கியம்’ என்று கூட்டிப்போடுபவர்கள் உண்டு. அப்போது அது வேறொரு மருந்து.

கிராமும் சியெனும்

பழைய குறிப்புகளில் எடை சியென், லியாங் என்று இருக்கும். பத்து சியென் ஒரு லியாங். சீனாவில் 1979 முதல் மருந்து எடை கிராமுக்கு மாறியபோது ஒரு சியென் 3 கிராம் என்று வைத்துக்கொண்டார்கள். ஹாங்காங், மலேசியா, சிங்கப்பூர் கடைகளின் பழைய தராசில் அது ஏறக்குறைய 3.75 கிராம். ஒரே குறிப்பை இரண்டு இடத்தில் கட்டினால் நாலில் ஒரு பங்கு வித்தியாசம் வரும். கிராமிலேயே கேளுங்கள், வீட்டில் ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசில் ஒருமுறை சரிபாருங்கள்.

தூளாக்கி உலர்த்திய கஷாயக் குருணை வாங்கினால் கணக்கு வேறு. பெரும்பாலும் ஒரு கிராம் குருணை சுமார் ஐந்து கிராம் மூலிகைக்குச் சமம், ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் 15 கிராம் தாங்ஷென்னுக்கு 15 கிராம் தாங்ஷென் குருணையே போட்டால் ஐந்து நாள் தாங்ஷென் ஒரே நாளில் உள்ளே போகும்.

வாங்கும்போது

தாங்குவெய்யை மூக்கால் வாங்க வேண்டும். கொத்தமல்லி, ஓமம், சீரகம் இருக்கும் அதே குடும்பம். பொட்டலத்தைத் திறந்ததும் செலரி போன்ற கனத்த வாசம் அடிக்க வேண்டும். வெட்டிய பக்கம் மஞ்சள் கலந்த வெண்மை, அதில் பழுப்பு எண்ணெய்ப் புள்ளிகள். முழுக்கக் கருத்து எண்ணெய் கசிந்திருந்தால் பழசு. பளீரென்று வெளுத்து, முகர்ந்தால் புளித்த நெடி வந்தால் கந்தகப் புகை போட்டது. பைஷாவிலும் இதைப் பார்க்கலாம். கோஜிப் பழத்தில் காம்பு இருந்த இடம் வெண்புள்ளியாகத் தெரிய வேண்டும், அதுவும் சிவந்திருந்தால் சாயம். ஷூதி உள்ளும் புறமும் ஒரே கருப்பாக, மினுக்கத்தோடு, வளைந்துகொடுக்க வேண்டும்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பெல்ஜியம் சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே உடல் மெலிவதற்கான மருந்தில் ஹான்ஃபாங்ஜி என்ற வேருக்குப் பதில், பெயர் ஒத்த குவாங்ஃபாங்ஜி சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. அடையாளம் தெரியாத பொட்டலத்தை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், பானையில் போடாதீர்கள். ஃபூஸி என்ற நாபி வகைக் கிழங்கும் ஹெஷோவூ என்ற வேரும் புதியவர் கைக்கு வேண்டாம்: முன்னது சரியாக வேகாவிட்டால் இதயத்தை நிறுத்தும் நஞ்சு, பின்னது கல்லீரலைக் கெடுத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

சேரக் கூடாத ஜோடிகளுக்குப் ‘பதினெட்டு எதிர்’ என்று ஒரு பழம்பட்டியல் உண்டு. நம் எட்டு மூலிகைக்குள் மோதல் கிடையாது. வெளியிலிருந்து எதையாவது சேர்க்கும்போது மட்டும் இரண்டை நினைவில் வையுங்கள்: கன்ட்சாவோடு கடற்பாசி வகையான ஹைசாவ் கூடாது, ஜின்செங், தாங்ஷென், பைஷாவோடு லீலு என்ற நச்சு வேர் கூடாது. ஜின்செங் குடிக்கும் நாளில் முள்ளங்கி சாப்பிட்டால் அதன் வேலை வீணாகும் என்பதும் நெடுநாள் வழக்கம்.

காய்ச்சுவது

மண்பானை, பீங்கான், கண்ணாடி, அதுவும் இல்லையென்றால் எவர்சில்வர். இரும்பும் அலுமினியமும் வேண்டாம். மூலிகையின் துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கஷாயத்தை மையாக்கிவிடும்.

மூலிகைகளைக் குழாய்த் தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள், ஊறவைத்துக் கழுவாதீர்கள். பிறகு 800 மில்லி பச்சைத் தண்ணீர் ஊற்றி 40 நிமிடம் ஊற விடுங்கள். தண்ணீர் மூலிகைக்கு மேல் இரண்டு விரல்கடை நிற்க வேண்டும். எடுத்ததும் கொதிநீர் ஊற்றினால் வேரின் மேற்பரப்பு இறுகிப்போய் உள்ளே இருப்பது இறங்காது. ஃபூலிங் கட்டி பெரிதாக இருந்தால் உடைத்துப் போடுங்கள். 40 நிமிடம் கழித்து ஒரு கட்டியைப் பிளந்து பாருங்கள், நடுவில் காய்ந்த சுண்ணாம்பு போல் இருந்தால் இன்னும் ஊற வேண்டும்.

ஊறிய தண்ணீரோடே அடுப்பில் ஏற்றி, பெருந்தீயில் கொதி வந்ததும் சிறுதீக்கு இறக்கி மூடி வையுங்கள். சளிக்கான கஷாயம் பதினைந்து இருபது நிமிடத்தில் முடியும். சத்து மூலிகைக்கு 45 முதல் 60 நிமிடம் வேண்டும், ஏனென்றால் இவை பெரும்பாலும் கெட்டியான வேர்கள். இடையில் ஒருமுறை கிளறுங்கள், ஷூதி அடிப்பிடிக்கும். தண்ணீர் வற்றினால் வெந்நீர்தான் சேர்க்க வேண்டும். தீய்ந்த வாசம் வந்துவிட்டால் மறுபடி தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

ஏறக்குறைய 250 மில்லி நிற்கும்போது வடிகட்டுங்கள். சக்கையில் இன்னும் 500 மில்லி ஊற்றி 30 நிமிடம் காய்ச்சி 200 மில்லியாக்குங்கள். இரண்டு வடிநீரையும் கலந்து, காலையில் பாதி, மாலையில் பாதி. கலக்காமல் முதல் வடிநீரைக் காலையிலும் இரண்டாவதை மாலையிலும் குடித்தால் ஒருவேளை கெட்டியும் ஒருவேளை நீர்த்ததும் உள்ளே போகும். மறுவேளைக்கு உள்ளதை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

ஜின்செங்தான் வேண்டுமென்று வாங்கியிருந்தால் அதைப் பொதுப் பானையில் போடாதீர்கள். அதன் சத்தை மற்ற சக்கை உறிஞ்சிக்கொள்ளும், காசு குப்பைக்குப் போகும். மெல்லிய வில்லையாக்கி, மூடியுள்ள சிறு பீங்கான் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீரோடு போட்டு, கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி ஒன்றரை மணி நேரம் வேகவிடுங்கள். வடிந்ததைக் கஷாயத்தில் கலந்துவிட்டு, வில்லையை மென்று தின்னலாம்.

குடிப்பதும் கவனிப்பதும்

சூடாக, உணவுக்கு அரை மணி முன்பு. வெறும் வயிற்றில் குமட்டுகிறவர்கள் சாப்பிட்டு ஒரு மணி கழித்து. டீ, காப்பிக்கும் கஷாயத்துக்கும் ஒரு மணி இடைவெளி.

வயிறு உப்பினால் ஷூதியைக் குறையுங்கள், சென்பியைக் கூட்டுங்கள். மலம் இளகினால் தாங்குவெய்யைக் குறையுங்கள், அது குடலை வழுக்கும். பைஜூவைத் தவிட்டோடு வறுத்த வகையாக மாற்றுங்கள். தூக்கம் கெட்டு, வாய் உலர்ந்து, முகம் சூடானால் ஜின்செங்கோ ஹுவாங்சியோ அதிகம். தாங்ஷென்னுக்கு மாறுங்கள், மாலை வேளையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. கணுக்கால் வீங்கினால் கன்ட்சாவைச் சந்தேகித்து அன்றே நிறுத்தி ரத்த அழுத்தம் பாருங்கள். கண் மஞ்சளிப்பது, சிறுநீர் கருப்பது, உடம்பில் தடிப்பு: எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

பத்து நாளில் பசியிலும் நடையிலும் எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் குறையைத் தப்பாகக் கணித்திருப்பீர்கள். பதிவு பெற்ற சீன மருத்துவர் ஒருவரிடம் நாக்கையும் நாடியையும் காட்டுங்கள். போகும் அன்று காலை பீட்ரூட்டும் காப்பியும் வேண்டாம், நாக்கின் நிறம் மாறிவிடும்.